யோகராணியின் முட்டைக் கலண்டர்

இன்று காலை தேத்தண்ணியை வாயில் வைக்கப் போன நேரம் கைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. கோழி எச்சம். பச்சையாக, நடுவில் வெள்ளையாக, மிகக் கிட்டவாக வைத்து எடுத்த படம். அனுப்பியவர் யாரென்று தெரியாது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கோழிக்கு எத்தனை வயது, என்ன தின்றது, எப்போதிருந்து இப்படி, ஒன்றும் இல்லை. "மிஸ், இது என்ன?" என்று மட்டும் கீழே இருந்தது. எச்சம் என்று பதில் போட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்தொரு வருடம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வலிகாமத்தில் வேலை பார்த்தேன். பதவியின் பெயர்தான் நீளம். சனங்களுக்கு நான் "ஊசி மிஸ்". மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டிருக்கிறேன், ஆனால் என் உயிரை எடுத்தது கோழிதான். கோழியைச் சொல்லிக் குற்றமில்லை. வளர்ப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

முட்டை ஓடில்லாமல் தோல் முட்டையாக விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். சிப்பி இடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முட்டைக்கோதையாவது காயவைத்து நுணுக்கிப் போடுங்கள் என்று சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் பனடோல் கரைத்துக் கொடுப்பார்கள். அடைகிடக்கும் கோழியை எழுப்புவதற்கு அதன் மூக்கில் அதன் இறகையே பிடுங்கிக் குத்தி வைப்பார்கள். தங்களுக்கு டொக்டர் கொடுத்த காய்ச்சல் குளிசையில் மிச்சம் இருந்ததைக் கோழிக்குப் போட்டுவிட்டு, அன்றைக்கே அதன் முட்டையைப் பொரித்தும் சாப்பிடுவார்கள். கூட்டுக்குள் செள்ளுப் பூச்சி, சாம்பலைக் கொட்டி ஒரு மூலையில் புரள விடுங்கள் என்று பத்து வருடம் சொன்ன வீட்டில், பதினோராம் வருடமும் கோழி தன்னைத்தானே கொத்திக்கொண்டு நின்றது.

படித்த காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படித்த புத்தகத்தில் கோழி எப்போதும் கூட்டுக்குள் நின்றது, மருந்து கலந்த தண்ணீரைக் குடித்தது. எங்கள் ஊர்க் கோழி முருங்கைக் கொப்பில் நிற்கும், கிணற்றடிச் சேற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தர்ஷிகா. எனக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த பிள்ளை. போன கிழமை வீட்டுக்கு வந்து, அலுவலகம் ஒரு மலர் போடப் போகிறது, நல்ல அனுபவங்களாக இரண்டு பக்கம் தாருங்கள் என்றாள். அப்படியே தன் கையிலிருந்த கணினிப் பலகையையும் காட்டினாள். இப்போது பதிவேடு கிடையாதாம். தடுப்பூசி வேண்டாமென்று ஒரு வீடு சொன்னால் காரணத்தை எழுதவும் தேவையில்லையாம், வரிசையாக வரும், ஒன்றைத் தொட்டால் போதும். முதலாவதாக நின்றது: உரிமையாளருக்கு விழிப்புணர்வு இல்லை. பெரும்பாலும் அதைத்தான் தொடுகிறோம் மிஸ், சுகம், என்றாள்.

எனக்கு விசர் பிடித்தது. அந்தப் பிள்ளையில் இல்லை. அந்த வசனத்தை அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒன்பது வீட்டுக்கு நேரே எழுதி வைத்தவள் நான்.

அப்போது எங்கள் அலுவலகத்துக் கால்நடை வைத்தியர் டொக்டர் மரியநாயகம். குருநகர்க்காரர், கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர், மெலிந்த மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரோடு ஒரு வீட்டுக்குப் போவதென்றால் அரை நாள் போய்விடும். படலையைத் திறந்து உள்ளே போக மாட்டார். வெளியே நின்று ஐந்து நிமிடம் கோழிகளைப் பார்ப்பார். எது கூட்டத்தோடு மேய்கிறது, எது ஒதுங்கி நின்று கண்ணை மூடுகிறது, எது வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி மணப்பார். ஒரு கோழியைப் பிடித்துத் தரச் சொல்லி நெஞ்செலும்பைத் தடவுவார், இறகை ஒதுக்கிச் செள்ளுப் பார்ப்பார். பின்பக்கத்து இரண்டு எலும்புக்கும் நடுவே விரல் வைத்துப் பார்ப்பார். இரண்டு விரல் போனால் கோழி முட்டையிடுகிறது, ஒரு விரல்தான் போனால் நின்றுவிட்டது. எல்லாம் முடிந்து கை கழுவிக்கொண்டே வீட்டுக்காரியிடம் கேட்பார்: "நேற்று வீட்டிலை என்ன கறி?"

இந்தக் கேள்வி எனக்கு வெட்கமாக இருக்கும். அரசாங்க உத்தியோகத்தர் கேட்கிற கேள்வியா இது? சில வீடுகளில் முகம் சுழித்தார்கள். இந்தாளுக்குச் சாப்பாட்டில்தான் கண் என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

யோகராணியின் வீடு நீர்வேலிப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்தது. அவளுடைய புருஷன் தென்னையால் விழுந்து இடுப்பு உடைந்தவர். நடப்பார், பாரம் தூக்க முடியாது. வீடு ஓடியது அவளுடைய முப்பத்திநான்கு பேட்டுக் கோழிகளால். பட்டணத்தில் கேக் செய்து விற்கும் வேதக்காரப் பெண் ஒருத்தி இரண்டு நாளுக்கொருமுறை ஆள் அனுப்பி முட்டை எடுப்பாள். ஆவணி மாதத்தில் அந்தப் பெண்ணை விட்டால் யோகராணிக்கு வேறு ஆள் இல்லை. நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளுக்கு எங்கள் சைவ வீடுகளில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. ஊரே வாங்காத நேரத்தில் வாங்குகிற ஒரே ஆளுக்கு முட்டை கொடுக்க முடியாமல் போவதுதான் அவளுடைய கரைச்சல்.

கோழிகளைக் கூட்டமாகச் சாகடிக்கும் இராணிக்கெட் நோய்க்கான ஊசியை மழைக்கு முன் எல்லா ஊருக்கும் போட்டு முடிப்பதற்காக ஆடி நடுவிலேயே தொடங்கிவிடுவோம். விடிய முன் எழும்ப வேண்டும். அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்து, ஐஸ் நிறைத்த பிளாஸ்கில் வைத்து, முதல் நாள் அவித்து வைத்த ஊசிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, கூடு திறக்க முன் ஒழுங்கைக்குப் போய்ச் சேர வேண்டும். கோழி வெளியே இறங்கிவிட்டால் அன்றைய பாடு தொலைந்தது. கலக்கிய மருந்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வெயில் படக்கூடாது. ஒருவர் கால் இரண்டையும் செட்டை இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, நான் தோலைக் கிள்ளித் தூக்கிப் போடுவேன். போட்டதைப் பனையோலைக் கடகத்தால் மூட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கே இரண்டு தரம் விழும். இந்த விஷயத்தில் யோகராணியைப் போல ஒருத்தி இல்லை. நான் போகும்போது கோழிகள் எண்ணி, பிரித்து, கடகங்கள் வரிசையாக இருக்கும்.

முதல் வருடம் ஊசி போட்டு இரண்டு கிழமையில் அலுவலகத்துக்கு வந்தாள். நாளுக்கு இருபது முட்டை, இருபத்திரண்டு முட்டை எடுத்தது ஆறாகிவிட்டது, ஊசிதான் காரணம் என்றாள். ஊசி போட்ட கையோடு இரண்டொரு நாள் கொஞ்சம் குறையலாம், இப்படி நிற்காது என்று சொல்லி, விற்றமின் தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன். ஆவணி முடியும்போது முட்டை திரும்பிவிட்டது. விற்றமின் வேலை செய்கிறது என்று நானே நம்பினேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு.

அடுத்த வருடமும் அதேதான். இந்த முறை சும்மா வரவில்லை. மாதர் சங்கக் கூட்டத்துக்கு, சனசமூக நிலையத்தில் முப்பது பெண்கள் இருக்க, சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் அன்றைய முட்டை எண்ணிக்கை. ஊசி போட்ட நாளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள். வட்டத்துக்கு முன் இருபத்தொன்று, இருபது, இருபத்திரண்டு. வட்டத்துக்குப் பின் ஒரு கிழமை கழித்துப் பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது, ஆறு.

"மிஸ், நான் பொய் சொல்லேல்லை. உதிலை இருக்கு, நீங்களே பாருங்கோ," என்றாள்.

நான் வட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். அன்று காலை மூன்று வீட்டில் ஊசி வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள், எல்லாம் இவளால் வந்தது என்ற ஆத்திரத்தில் நின்றேன். "கலண்டரிலை இலக்கம் எழுதினா டொக்டரோ? முதல்லை ஒழுங்காக் கோழி வளக்கப் பழகுங்கோ, பிறகு எனக்குப் படிப்பியுங்கோ," என்றேன். பெண்கள் சிரித்தார்கள். யோகராணி கலண்டரைச் சுருட்டிக்கொண்டு பின்வரிசை வாங்கில் போய் இருந்தாள்.

மூன்றாம் வருடம் ஆடியில் நான் போனபோது அவளுடைய படலை உள்ளே கட்டியிருந்தது. இந்த முறை வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். அதைப் பார்த்து அந்த ஒழுங்கையில் இன்னும் எட்டு வீடு வேண்டாமென்றது. படலைகளுக்கு வெளியே நின்று, உருகுகிற ஐஸை வைத்துக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்று மத்தியானம்தான் பதிவேட்டில் ஒன்பது வீட்டுக்கும் நேரே அந்த வசனத்தை எழுதினேன்.

கொடி ஏறிப் பத்தாம் நாள். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். டொக்டர் வேதக்காரராக இருந்தாலும் அந்த இருபத்தைந்து நாளும் எங்களுக்கு முன்னால் மீன் பொதி அவிழ்க்க மாட்டார். பேச்சுவாக்கில், என் வீட்டுக் கோழி ஆறும் முட்டையை நிறுத்திவிட்டன என்று அலுத்துக்கொண்டேன். ஊர்க் கோழிக்கெல்லாம் ஊசி போடப் போனதில் என் வீட்டுக் கோழிகளுக்குப் போடவே நேரம் கிடைத்திருக்கவில்லை. டொக்டர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நேற்று வீட்டிலை என்ன கறி?"

என்னிடமும் ஆரம்பித்துவிட்டார் என்று எரிச்சல் வந்தது. பூசணிக்காய் என்றேன். முந்தாநாள் பருப்பும் கீரையும் என்றேன்.

"கொடி ஏறினாப் பிறகு மீன் வெட்டேல்லைத்தானே?"

"இல்லை டொக்டர். வெட்டுவமோ?"

"அப்ப உம்மடை கோழியளுக்கு மீன் குடல் ஆர் போட்டது?"

சாப்பாட்டுப் பொதியை மூடி வைத்தேன்.

எங்கள் ஊர் வீடுகளில், யோகராணி வீட்டிலும்தான், கோழிகளுக்குக் கடைத்தீன் கிடையாது. தவிடு, குறுணல், தேங்காய்ப்பூச் சக்கை. அவற்றை முட்டையிட வைப்பது தினமும் கிணற்றடியில் விழும் மீன் தலையும் குடலும் செதிலும்தான். மற்றக் காலத்தில் மண்ணைக் கிளறினால் புழு பூச்சி கிடைக்கும். ஆவணி வெயிலில் காய்ந்த மண்ணில் அதுவும் இல்லை. நாங்கள் மீனை விட்ட அன்றே அவற்றுக்கும் விட்டுப்போகிறது. சில நாள் உடம்பிலிருந்து எடுத்து முட்டையிடும், பிறகு நிறுத்திவிடும். திருவிழா முடிந்து மீன்காரரின் சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டதும் மெல்லத் திரும்பும். விற்றமினும் இல்லை, ஊசியும் இல்லை.

"உம்மடை கோழியளும் சேர்ந்து விரதம் பிடிக்குது," என்றார் டொக்டர். கருவாட்டுத் தூளை உப்புப் போகக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம், வீட்டுக்குள் ஏற்றாமல் வெளியே வைத்துக் கொடுத்தால் ஆசாரத்துக்கும் குறையில்லை என்றார்.

எனக்கு அப்போதுதான் யோகராணியின் கலண்டர் நினைவுக்கு வந்தது. எல்லா யாழ்ப்பாணத்துக் கலண்டரையும் போல அதிலும் சிவப்பு எழுத்தில் நல்லூர்க் கொடியேற்றம் என்று அச்சடித்திருந்தது. அவளுடைய வட்டத்திலிருந்து நாலாவது கட்டம். முட்டை குறையத் தொடங்கியது அதற்குப் பிறகு. பிறந்ததிலிருந்து அந்த விரதம் பிடிக்கிறேன், அந்தக் கட்டம் என் கண்ணில் படவில்லை. அவள் எண்ணியது அத்தனையும் சரி. காரணம் மட்டும்தான் பிழை, அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியவள் சம்பளம் வாங்குகிற நான்.

"உந்த ஒழுங்கைக்கு நாளைக்கே போம். ஊசியையும் கொண்டு போம்," என்றார் டொக்டர். ஓம் என்றேன்.

போகவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன். முதலில், தேர் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு ஏழாலைப் பக்கம் ஆட்டு வேலை வந்தது. பிறகு மாதாந்த அறிக்கை. உண்மையில், முப்பது பேருக்கு முன்னால் ஏசியவளிடம் போய், நீ சொன்னது சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளில் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் பிரதான வீதியால் சுற்றிப் போனேன். டொக்டர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அடுத்த கிழமை என்றேன். அவரும் மனிதரை நம்பி விட்டுவிடுகிறவர்.

ஐப்பசி மழை தொடங்கி ஆறாம் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. யோகராணியின் புருஷன். கோழி சாகுது என்று மட்டும் சொன்னார்.

நானும் டொக்டரும் போனோம். அன்று அவர் படலைக்கு வெளியே ஐந்து நிமிடம் நிற்கவில்லை, நிற்கத் தேவையிருக்கவில்லை. கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமாகச் சுழன்றன சில. கொண்டை கறுத்து, மூச்சுக்கு வாயைத் திறந்து கிடந்தன சில. வளவெல்லாம் பச்சை எச்சம். பத்தொன்பது ஏற்கெனவே செத்திருந்தன. டொக்டர் ஒரு வாழையிலையை வெட்டித் தரச் சொன்னார். அதை நிலத்தில் விரித்து, செத்த கோழி ஒன்றை நனைத்து வைத்து, நெஞ்சைக் கிழித்து, இரைப்பைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பையைத் திறந்து எனக்குக் காட்டினார். உட்பக்கம் முழுக்க ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள். இராணிக்கெட். கீழே ஓடு கட்டிய முட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். யோகராணி அந்த முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு டொக்டர் பட்டணத்துக்குப் போனார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது என் வேலை. அவளுடைய புருஷனால் மண்வெட்டி பிடிக்க முடியாது. நானே வெட்டினேன். அவள் ஒவ்வொன்றாகக் காலில் பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள். பாதிக் குழி நிறைந்தபோதுதான் பேசினாள்.

"நான் ஊசி போட விடேல்லை மிஸ். அப்பவும் ஆவணியிலை முட்டை நிண்டிட்டுது. ஊசியாலை இல்லை எண்டு எனக்கு அப்பவே விளங்கீட்டுது."

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே கேட்டிருக்கக் கூடாதென்று தெரிந்தது.

"எந்த முகத்தோடை கூப்பிடுறது? நீங்களா ஒருக்கா வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வந்தா ஒண்டும் கதையாமல் படலையைத் திறந்து விடலாம் எண்டு."

டொக்டர் சொன்னதையும், கொடி ஏறிப் பத்தாம் நாளே எனக்குத் தெரியும் என்பதையும் அவளிடம் சொன்னேன். மீன் குடல், தவிடு, கலண்டரில் நாலாவது கட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆவணி, புரட்டாதி, ஐப்பசி. அதுவரை அழாமல் நின்றவள் அப்போதுதான் அழுதாள். பிறகு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"மிச்சத்தை நான் மூடுறன். நீங்கள் போங்கோ."

போனேன். படலைக்கு வெளியே மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் ஒழுங்கையில் கூடி நின்றார்கள். அவர்களுடைய கோழிகள் இன்னும் நன்றாகத்தான் மேய்ந்தன. என் சைக்கிளில் பிளாஸ்க் இருந்தது, அதற்குள் ஐஸும் மருந்தும் இருந்தன. ஒருத்தி இரண்டு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, இப்பவே போட்டு விடுங்கோ மிஸ் என்றாள்.

என்னால் முடியாது. நோய் வந்த வீட்டுக்குள் போனவர் அன்று வேறு கோழி நிற்கும் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. என் செருப்பில், சட்டை விளிம்பில், கையில் எல்லாம் அந்த நோய் இருந்தது. கிட்ட வராதேங்கோ, கோழியளை அடையுங்கோ, நாளைக்கு விடிய வேறை ஆள் வரும் என்று ஒழுங்கையின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

கோழியோடு வந்தவள் மெல்லக் கேட்டாள்: "நாங்கள் அண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னதுக்கோ மிஸ்?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அன்று அவர்களை ஏசிவிட்டுப் போய், அதன் பிறகு அந்த ஒழுங்கைப் பக்கமே வராதவள் நான். அவள் கோழி இரண்டையும் இறுக்கி அணைத்துக்கொண்டு தன் வளவுக்குள் போய்ப் படலையைச் சாத்தினாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒரு படலையும் என் மேல் படாமல், ஒழுங்கையின் நடுவால் நடந்து வெளியே வந்தேன்.